எண்ணெய்க் கிணற்றில் குழாய்க்கு வெளியே சிமென்ட் எதற்கு? அது இருந்தும் கிணறு ஏன் வெடிக்கிறது?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் துளைக்கும் கிணற்றுக்கு லாரி லாரியாக சிமென்ட் போவதைப் பார்த்துவிட்டு நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரும்புக் குழாய் இறக்கிய பிறகு அதற்கு வெளியே சிமென்ட் எதற்கு? மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் அதை எப்படிக் கொண்டுபோய் வைக்கிறார்கள்? இத்தனை செய்தும் கிணறு ஏன் வெடிக்கிறது? நம் குடிநீருக்கு ஆபத்து உண்டா? எனக்குப் பட்டவரை இந்த நான்குக்கும் உள்ளே ஒரே கேள்விதான் இருக்கிறது: கீழே இருக்கும் வாயுவை இந்த நிமிடத்தில் எது தடுத்து வைத்திருக்கிறது? துளைக்கும்போது ஒன்று தடுக்கிறது, சிமென்ட் இறுகிய பிறகு இன்னொன்று. பொறுப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் சில மணி நேரம்தான் எங்களுக்குத் தூக்கம் வராத நேரம். காவிரிப் படுகையிலும் பிறகு வளைகுடா நாடுகளிலுமாக இருபது வருடத்துக்கு மேல் சிமென்டிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பி.ஓ.பி. என்னும் மேல்வாய் அடைப்பானைப் பிரித்து மாட்டியவன் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு போர்வெல்லில் இருந்து தொடங்கலாம். அதிலும் கேசிங் இறக்குகிறார்கள், ஆனால் வெளியே சிமென்ட் இறக்குவதில்லை. தண்ணீர் தானாக மேலே பீறிட்டு வராது, மோட்டார் வைத்துத்தான் இழுக்க வேண்டும். அதனால் இடைவெளியில் கூழாங்கல் போட்டாலும் ஓடிவிடும். எண்ணெய்க் கிணற்றின் கதை வேறு. ஆழமான பாறையின் நுண்துளைகளில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் பெரும் அழுத்தத்தில் இருக்கின்றன. துளை போய்த் தொட்டவுடன் மேலே வரத் துடிக்கும். அதை அங்கேயே அமுக்கி வைப்பது இயந்திரம் இல்லை, துளை முழுக்க நிரம்பி நிற்கும் ‘மட்’ என்னும் சேற்றுக் கரைசலின் எடை. பென்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் கலந்து, எடை கூட்டப் பாரைட் மாவு போட்டது. மாடித் தொட்டியின் உயரம் கூடினால் கீழே குழாயில் வேகம் கூடுகிறதல்லவா, அதே கணக்குதான். குழாய் ஒல்லியா பருமனா என்பது முக்கியமில்லை, நிற்கும் திரவத்தின் உயரமும் அடர்த்தியும்தான் முக்கியம். தண்ணீர் என்றால் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 கிலோ. 3,000 மீட்டருக்கு 300 கிலோ. ரிக் என்னும் துளையிடும் மேடையில் எல்லாரும் வெறுமனே ‘கிலோ’ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அப்படியானால் மட்டை நன்றாகக் கனமாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. பாறைக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் பாறை பிளந்து மட் அதற்குள் ஓடிவிடும், மட்டின் மட்டம் இறங்கும், எடை குறையும், வேறொரு இடத்திலிருந்து வாயு உள்ளே நுழையும். கனத்தைக் கூட்டப்போய்க் கனமே போய்விடும். எனவே கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை, நடுவில் ஒரு ஜன்னல். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. 3,000 மீட்டரில் வாயுவின் அழுத்தம் 345 கிலோ. அங்கே பாறை 450 கிலோவில் பிளக்கும். மட்டின் அடர்த்தி 1.2, அதாவது தண்ணீரைப்போல 1.2 மடங்கு, என்றால் அடியில் 360 கிலோ, நிம்மதி. இப்போது சிமென்ட் கலவை. அதன் அடர்த்தி 1.9. கீழிருந்து மேல்வரை முழுக்க அதையே நிரப்பினால் 570 கிலோ. பாறை பிளந்துவிடும். ஆகவே கீழே 1,000 மீட்டர் சிமென்ட், அதற்கு மேல் 2,000 மீட்டர் மட் என்று வைத்தால் 190 கிலோவும் 240 கிலோவும் சேர்ந்து 430. பம்ப் செய்யும்போது உராய்வினால் இன்னும் பத்துப் பதினைந்து கிலோ கூடும். மிஞ்சுவது சொற்பம். ‘முழுக்க சிமென்ட் போட வேண்டியதுதானே, காசை மிச்சம் பிடிக்கிறார்களா’ என்று சிலர் கேட்பதுண்டு. சில இடத்தில் அப்படியும் இருக்கலாம், ஆனால் முதல் காரணம் இந்தக் கணக்கு. மேல்வரை சிமென்ட் வேண்டுமென்றால் கலவையை இலேசாக்க வேண்டும், அல்லது இரண்டு கட்டமாகப் போட வேண்டும்.

போடும் விதம் அழகானது. 1910 வாக்கில் கலிபோர்னியாவில் பெர்கின்ஸ் என்பவர் கொண்டுவந்த இரண்டு பிளக் முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கேசிங் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இறக்குகிறோம். நுனியில் ‘ஷூ’ என்ற திறந்த வாய்த் துண்டு. அதற்கு இரண்டு குழாய் மேலே ‘ஃப்ளோட் காலர்’ என்ற ஒருவழி வால்வு. முதலில் கழுவும் திரவம், பிறகு ஒரு ரப்பர் பிளக், அதன் பின்னால் சிமென்ட் கலவை, அதன் பின்னால் இரண்டாவது ரப்பர் பிளக், அதன் பின்னால் மட். எல்லாம் குழாயின் உள்ளே கீழே போகின்றன. முதல் பிளக் காலரில் போய் உட்கார்ந்ததும் அதன் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து சிமென்ட்டுக்கு வழி விடும். சிமென்ட் ஷூ வழியாக வெளியேறி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே கீழிருந்து மேலாக ஏறும். இரண்டாவது பிளக் கெட்டியானது. அது போய் உட்கார்ந்ததும் மேலே மானியில் அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். ‘பிளக் உட்கார்ந்துடுச்சு’ என்று யாராவது கத்துவார்கள். அதன் பிறகுதான் டீ. பம்பை நிறுத்தியதும் வெளியே இருக்கும் கனமான சிமென்ட் உள்ளே திரும்பி வரப் பார்க்கும். அதைத் தடுப்பது அந்த ஒருவழி வால்வு. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் வாயு தள்ளத் தள்ளக் கோலி கழுத்தில் இன்னும் இறுக்கமாக உட்காரும். இங்கேயும் அப்படித்தான். ரப்பர் வளையத்தில் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டால் கசியும் என்பதும் அப்படித்தான்.

சிமென்ட் என்றாலும் வீடு கட்டுகிற சிமென்ட் இல்லை. பரவலாகப் பயன்படுவது ‘கிளாஸ் ஜி’ என்ற வகை. 50 கிலோவுக்கு 22 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அடிப்படை அளவு. மணலோ ஜல்லியோ கிடையாது, தண்ணீரும் மாவும் மருந்துகளும் மட்டும். மூவாயிரம் மீட்டரில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் வெறும் சிமென்ட் சீக்கிரமே கட்டியாகிவிடும் என்பதால் தாமதிக்கும் மருந்து போடுகிறோம். 110 டிகிரிக்கு மேல் போனால் இறுகிய சிமென்ட் நாளடைவில் வலுவிழக்கும், அதற்காக சிமென்ட் எடையில் 35 சதவீத அளவுக்கு சிலிக்கா மாவு சேர்க்கிறோம். ஆய்வகத்தில் அதே சூட்டிலும் அழுத்தத்திலும் கலவையைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மணி நேரம் பம்ப் செய்யும் பதத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவருக்கு இந்தப் பதற்றம் புரியும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

நான் பொறுப்பில் இருந்த ஒரு வேலையில் முந்திவிட்டது. ஆய்வகச் சீட்டில் ஐந்து மணி நேரம் என்று இருந்தது. சிமென்ட் எல்லாம் உள்ளே போய், மேல் பிளக்கும் போய், பின்னால் மட் தள்ளிக்கொண்டிருக்கிறோம். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அழுத்தமானி ஏற ஆரம்பித்தது. முதலில் பிளக் உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அளவைப் பார்த்தால் பிளக் இன்னும் இருநூறு மீட்டர் போக வேண்டும். பம்ப் நின்றது நின்றதுதான். பிறகு விசாரித்ததில் விஷயம் எளிமை: கலக்கத் தண்ணீர் எடுத்த தொட்டியில் அதற்கு முன் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசல் இருந்திருக்கிறது. சரியாகக் கழுவவில்லை. அந்த உப்பு சிமென்ட்டை வேகமாக இறுக்கும் மருந்து. ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி போனது அதற்கும் முந்தைய நாளில். காலையில் குளோரைடு பார்க்கும் பத்து நிமிடச் சோதனையை நான் செய்யச் சொல்லவில்லை, அது என் தப்பு. குழாய்க்குள் கல்லாகிப்போனதைத் துளைத்து எடுக்க இரண்டு நாள். அதற்குப் பிறகு எந்த ரிக்குக்குப் போனாலும் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சிமென்ட் கலவை இறங்கி நின்ற முதல் நிமிடத்தில் அது திரவம், தன் முழு எடையையும் கீழே கொடுக்கிறது. நம் உதாரணத்தில் 430 கிலோ. நாளைக் காலை அது கல், வாயு ஊடுருவாது. இடையில் என்ன ஆகிறது? குழாய்ப் புட்டு அவித்திருக்கிறீர்களா? மூங்கிலுக்குள் மாவைப் போட்டால் அது சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். கீழே விழாது, குச்சியால் தள்ளினால்தான் வரும். ஆனால் ஆவி அதற்குள் புகுந்து மேலே வந்துகொண்டே இருக்கும். சிமென்ட்டும் கட்டிப்படத் தொடங்கும்போது ஒரு பக்கம் பாறையையும் மறு பக்கம் குழாயையும் பிடித்துக்கொண்டு தன் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது. கீழே வாயுவின்மேல் இருந்த பாரம் குறைகிறது. துகள்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. கணக்கில் பார்த்தால் 1,000 மீட்டர் சிமென்ட் 190 கிலோவுக்குப் பதில் 100 கிலோதான் தருகிறது. மேலே இருக்கும் மட்டின் 240 கிலோ முழுதாகக் கீழே வந்து சேர்ந்தாலும் மொத்தம் 340. வாயு 345. போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் பாறைக்குள் கசிகிறது, கொஞ்சத்தை சிமென்ட்டே வேதிவினையில் குடிக்கிறது, அழுத்தம் இன்னும் இறங்குகிறது. சிமென்ட்டோ இன்னும் கல் ஆகவில்லை. வாயு உள்ளே புகுந்து மெல்லிய வழி போட்டுக்கொண்டு மேலே ஏறினால், அந்த வழியோடேயே சிமென்ட் இறுகிவிடும். அதனால்தான் இந்த இடைநிலை நேரத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கும்படி கலவையை வடிவமைக்கிறோம். நீர் கசியாமலிருக்க மருந்து போடுகிறோம், சில சமயம் மேலிருந்து வெளி இடைவெளியில் அழுத்தம் கொடுத்துப் பிடித்து வைக்கிறோம்.

வாயு நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கள் மொழியில் அது ‘கிக்’. அடையாளம் சாதாரணமானது: போகிற மட்டைவிட வருகிற மட் அதிகம், மட் தொட்டியில் மட்டம் ஏறுகிறது, பம்பை நிறுத்தினாலும் கிணறு ஒழுகுகிறது. ஆபத்து எங்கே என்றால், 3,000 மீட்டரில் ஒரு வாளி வாயு நுழைந்தால் 1,500 மீட்டர் வரும்போது இரண்டு வாளி, 750 மீட்டரில் நான்கு வாளி, 375 மீட்டரில் எட்டு. வெப்ப மாற்றத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பெரும் வீக்கம் கடைசி சில நூறு மீட்டரில்தான். ஆகவே வெகுநேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிட்டு, கடைசிச் சில நிமிடத்தில் மேலே இருக்கும் மட்டை எல்லாம் வாரி வெளியே வீசும். அதற்கு முன் பி.ஓ.பி.யை மூட வேண்டும். மூடிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. விரிய இடமில்லாமல் வாயு தன் பழைய அழுத்தத்தோடேயே மேலே மிதந்து வந்தால், அடியில் அதுவும் மட்டின் எடையும் சேர்ந்து இரட்டிப்பாகிப் பாறையைப் பிளக்கும். சோக் வால்வு வழியாக அளந்து அளந்து விட்டபடி, கனமான மட்டை உள்ளே அனுப்ப வேண்டும். எவ்வளவு கனம் என்பதை மூடிய கிணறே சொல்லும். டிரில் பைப் என்னும் துளைக்கும் குழாயில் 15 கிலோ காட்டினால், 3,000 மீட்டருக்கு அடர்த்தியில் 0.05 கூட்ட வேண்டும். 1.20 இருந்தால் 1.25. நான்காம் வகுப்புக் கணக்குதான், விடிகாலை மூன்று மணிக்குக் கை நடுங்காமல் போடத் தெரிய வேண்டும்.

கைமாறும் நேரத்தில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணறு. டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் ரிக். கடலின் ஆழமே சுமார் 1,500 மீட்டர், கிணற்றின் அடிப்பகுதி சுமார் 5,600 மீட்டர் (18,360 அடி) ஆழத்தில். 2010 ஏப்ரல் 20 அதிகாலையில் சிமென்ட் இறக்கி முடித்தார்கள். ஜன்னல் மிகக் குறுகலாக இருந்ததால் நைட்ரஜன் கலந்து நுரையாக்கிய இலேசான சிமென்ட், அளவும் கொஞ்சம். குழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர் 21 வேண்டும் என்று கணக்கு சொன்னது, போட்டது 6. குழாயை இறக்கும்போது திறந்திருந்த வால்வு ஒருவழி வால்வாகச் சரியாக மாறியதா என்பதும் சந்தேகம். சிமென்ட்டின் பிடிப்பை ஒலியலையால் அளந்து பதியும் ‘லாக்’ எடுக்க வந்த குழுவை எடுக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவும் ஒரு பக்கம் இருக்கட்டும், என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அன்று மாலை நடந்தது. கனமான மட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கடல் நீரை நிரப்பி, சிமென்ட் தனியாகத் தாங்குகிறதா என்று பார்க்கும் எதிர்மறை அழுத்தச் சோதனை. டிரில் பைப்பில் 1,400 பி.எஸ்.ஐ. காட்டியது, அதாவது கிட்டத்தட்ட 100 கிலோ. பக்கத்துக் குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டும் ஒன்றையே காட்ட வேண்டும். அந்த 1,400-க்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்து, பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டு, மீதி மட்டையும் எடுத்தார்கள். அன்று இரவு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. வாயு எந்த வழியாக வந்தது என்பதில் கொஞ்ச காலம் விவாதம் இருந்தது. ஷூ வழியாகக் குழாய்க்குள்ளேயே வந்தது என்பதைத்தான் பெரும்பாலான விசாரணைகள் ஏற்றன. சிமென்ட் சரியாக நிற்காததற்கு எந்தக் காரணம் எத்தனை பங்கு என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது, அந்தச் சிமென்ட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. அசாமில் பாக்ஜான் 5-ஆம் எண் வாயுக் கிணறு. பழுது பார்க்கும் வேலைக்காக அதை மட்டால் அடக்கி, உள்ளே சிமென்ட் பிளக் வைத்து, மேலே இருந்த பி.ஓ.பி.யைக் கழற்றிய நேரத்தில், 2020 மே 27 அன்று, வாயு கிளம்பியது. ஜூன் 9 தீப்பிடித்தது, தீயணைப்புப் பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். முழுதாக அடக்க நவம்பர் 15 ஆனது. இங்கேயும் பிளக் வைத்தது தவறில்லை. அது தாங்கும் என்று நம்பி மற்ற தடையை எடுத்த நேரம்தான் பிரச்சினை.

இதில் எது உறுதி, எது அரைகுறை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எடைக் கணக்கு, வாயு விரியும் கணக்கு, இடைநிலையில் அழுத்தம் இறங்குவது ஆகியவை உறுதி. பழைய மட்டை முழுதாக வெளியேற்றாமல் சிமென்ட் போட்டால் ஓட்டை விழும் என்பதும் உறுதி: குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் சிமென்ட் அகலமான பக்கத்தில் ஓடிவிடும், குறுகிய பக்கத்தில் மட் அப்படியே நிற்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கிணற்றில் வாயு ஏறுமா ஏறாதா என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரங்களை நான் பாதிதான் நம்புவேன். ஒலியலை லாக்கும் அப்படித்தான். குழாய்க்கும் சிமென்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால்கூட, நல்ல சிமென்ட்டையும் மோசம் என்று காட்டும். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு அனுபவசாலிகள் இரண்டு விதமாகச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குடிநீர் பற்றி. நிலத்தடி நீர் இருக்கும் மேற்பகுதியைக் கடந்ததும் ஒரு கேசிங் இறக்கி அதற்குத் தரைமட்டம் வரை சிமென்ட் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆழத்துக்குத் துளைக்க வேண்டும். ஆக ஆழத்து வாயுவுக்கும் உங்கள் போர்வெல்லுக்கும் நடுவே ஒன்றுக்கு மேற்பட்ட இரும்பும் சிமென்ட்டும் இருக்கும். அது நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க் கிணற்றில் நன்றாகச் செய்திருக்கிறார்களா என்பதை இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். கிணற்றின் தலைப்பகுதியில் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளுக்கு வால்வும் அழுத்தமானியும் வைப்பார்கள். அந்த மானி காட்டுவதைத் திறந்துவிட்டுப் பூஜ்யத்துக்கு இறக்கிய தேதி என்ன, மூடிய பிறகு 24 மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். சூட்டினால் விரிந்த திரவம் மட்டும் என்றால், ஒருமுறை இறக்கியதும் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். இறக்க இறக்க மறுபடி ஏறுகிறது என்றால் கீழே எங்கோ கசிவு இருக்கிறது. அந்த அளவுகளை எழுதி வைத்த பதிவேடு இருக்க வேண்டும்.